ஊருக்கு ஒரு பாட்டு

சென்ற பங்குனியில் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் டெலிபோன் மணி அடித்தது. அந்த வேளையில் எங்கள் வீட்டில் டெலிபோன் அடித்தால், ஒன்று அத்தியாயம் கேட்கும் பத்திரிகை ஆசிரியராக இருக்கும். அல்லது துக்கச் செய்தியாக இருக்கும். அன்று இரண்டும் இல்லை. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகள் பேசினாள்.

"மாமா, ஒரு உதவி. எங்க ஆபீஸ் தமிழ்க்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு விழா நடத்துறோம். அவங்கவங்க ஊருக்குன்னு ஒரே ஒரு பாட்டைப் போட்டு, ஏன் அந்தப் பாட்டுன்னு ரெண்டு நிமிஷம் பேசணும். புதுக் காலத்துப் பாட்டா இருக்கணும். சங்க காலமெல்லாம் ஆரம்பிச்சுடாதீங்க. மதுரைக்கு எதைப் போடலாம்?"

"நம்ம ஊர் திருமங்கலம் இல்லையாத்தா?" என்றேன்.

"திருமங்கலத்துக்கு யாரு மாமா பாட்டு எழுதியிருக்கா? கடல் தாண்டிட்டா நாம எல்லாரும் மதுரைதான்."

அவள் சொன்னது நியாயந்தான். குண்டாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கும் மதுரைக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சம். மீனாட்சியின் கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்து கொடுத்த ஊர் என்பதனால்தான் எங்களுக்கு இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தாலி செய்து கொடுத்த ஊருக்குக் கல்யாண வீட்டில் எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமைதான் எங்களுக்கு மதுரையில். முழுக்க உள்ளேயும் இல்லை; முழுக்க வெளியேயும் இல்லை. விமரிசனம் செய்வதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

போனை வைக்கும் முன்னால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "இங்கே மதுரைன்னு சொன்னாலே கையை ஓங்கி அருவா வீசுற மாதிரி காட்டுறாங்க மாமா. சிரிப்புக்குத்தான் செய்யறாங்க. ஆனா ஆறு வருஷமா அதே சிரிப்பு."

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது. ஒரு பெண் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு எதிரே இருப்பவரின் கை எப்போது உயரும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவள் கேட்டது பாட்டல்ல. அந்தக் கையைக் கீழே இறக்க ஒரு வழி.

அந்தக் கையை உயர்த்தியது நம் சினிமாதான். 2004-இல் 'கில்லி' வந்தது. அதில் மதுரை என்பது பிரகாஷ்ராஜ் என்ற நல்ல நடிகர் முத்துப்பாண்டியாக நின்று மிரட்டுகிற இடம். அதற்கு முந்திய வருஷம் தெலுங்கில் வந்த 'ஒக்கடு' என்ற படத்தின் தமிழ் வடிவம் அது. தெலுங்கில் அந்த முரடனின் ஊர் கர்நூல். தமிழுக்கு வந்தபோது கர்நூலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மதுரையை வைத்தார்கள். கதையில் ஒன்றும் குறையவில்லை. இதைக் கவனித்ததும் எனக்கு ஒரு சோதனை தோன்றியது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊரின் பெயரை வைத்தாலும் ஒரு படமோ பாட்டோ சேதமில்லாமல் நின்றால், அது அந்த ஊருடையது அல்ல. பெயரை வாடகைக்கு எடுத்தது. இந்த ஒரு தராசை வைத்துக்கொண்டு பாட்டுக்களை நிறுக்க ஆரம்பித்தேன்.

அதற்கு முன்னால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம், தன் இதயத்தை அங்கே விட்டு வந்துவிட்டதாக ஒருவர் பாடும் பாட்டை 1969-இல் தன் பாட்டாக ஏற்றுக்கொண்டது. அதை 1953-இல் எழுதிய ஜார்ஜ் கோரி, டக்ளஸ் கிராஸ் இருவரும் அப்போது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியிருந்தார்கள். விட்டு வந்த ஊரின் ஏக்கம். 1962-இல் அதைப் பாடிப் பிரபலமாக்கிய டோனி பென்னெட் நியூயார்க்காரர். நியூயார்க்கின் பாட்டோ 1977-இல் ஒரு சினிமாவுக்காகப் பிறந்தது. அந்த ஊருக்குப் போய் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிற வெளியூர்க்காரனின் பாட்டு அது. நம் சென்னைக்கும் அப்படித்தான். 1967-இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'யில் மதராஸைப் பார்த்து நாகேஷ் வியக்கும் பாட்டு, பட்டணத்துக்குப் புதிதாக வந்தவனுடையது. கண்ணதாசன் எழுத, எம். எஸ். விசுவநாதன் இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜன் பாடினார். டி. எம். எஸ். மதுரைக்காரர்!

ஆக, ஊர்ப் பாட்டு என்பது பெரும்பாலும் வருகிறவனும் போகிறவனும் பாடுவது. உள்ளேயே இருப்பவன் பாட மாட்டான். அவனுக்குத் தண்ணீர் வரி கட்டவே நேரம் சரியாக இருக்கும்.

இப்போது மதுரைக்கு வருவோம். எனக்கு முதலில் தோன்றியது 1965-இல் வந்த 'திருவிளையாடல்'. அறுபது வருஷத்துப் பாட்டு புதுப் பாட்டா என்று கேட்பீர்கள். இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கு வைத்திருக்கும் ஊரில் அறுபது வருஷம் நேற்றுத்தான். ஹேமநாத பாகவதர் வெளிநாட்டிலிருந்து வந்து பாண்டியன் சபையில் சவால் விடுகிறார். அவருக்குப் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். பாணபத்திரர் நடுங்குகிறார். சோமசுந்தரக் கடவுள் விறகு விற்கிறவனாக வந்து பாகவதரின் செருக்கை அடக்குகிறார். அவருக்கு டி. எம். எஸ்.ஸின் குரல். 1922-இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த மனிதர், மதுரையின் கடவுளுக்கே குரல் கொடுக்கிறார். பெரிய சங்கீதம் அரண்மனையில் அல்ல, தெருவில் இருக்கிறது என்ற எண்ணமும் எங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தம்.

ஆனால் ஒரு சங்கடம். அந்தப் பாட்டின் பொருள் என்ன? எல்லாம் நானே என்று கடவுள் சொல்வது. கடவுள் சொன்னால் அது தத்துவம். அதையே சிங்கப்பூரில் ஒரு மதுரைக்காரி தன் ஊர்ப் பாட்டு என்று மேடையில் போட்டால், அது ஹேமநாத பாகவதரின் பாட்டாகிவிடும். கர்வத்தை அடக்க வந்த பாட்டைக் கொண்டு கர்வப்படுவது உசிதமல்ல. மனமில்லாமல் அதை ஒதுக்கினேன்.

1969-இல் வந்த 'பூவா தலையா'வில் வாலி எழுதி டி. எம். எஸ். பாடிய பாட்டு ஒன்று, மதுரையையும் மீன்கொடியையும் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கொடி ஒரு பெண்ணின் கண்ணுக்கு உவமையாக வந்தது. பாண்டியனுக்குப் பிறகு மற்ற அரசர்களுக்கும் அவளிடத்தில் இடம் கிடைக்கிறது. காதலியை வருணிக்க வந்த கவிஞர் மூவேந்தர்களையும் வேலை வாங்கியிருக்கிறார். அழகான சாமர்த்தியம், ஆனால் ஊர் அங்கே நகையாக இருக்கிறது, வீடாக இல்லை.

1987-இல் வந்த 'எங்க ஊரு பாட்டுக்கார'னில் மதுரை மரிக்கொழுந்தைப் பற்றிய பாட்டு உண்டு. மனோவும் சித்ராவும் பாடியது. இளையராஜாவின் பண்ணைப்புரம் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்த கிராமம். எங்கள் பக்கத்து மண்ணை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரெல்லாம் மதுரை மல்லி என்று சொல்லும்போது (2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது) இந்தப் பாட்டு மட்டும் மரிக்கொழுந்தைத் தேர்ந்தெடுத்ததே, அதை நான் மிகவும் ரசிக்கிறேன். மல்லிகை வந்தவர்களுக்குக் காட்டுகிற பூ. மரிக்கொழுந்து நாமே வைத்துக்கொள்கிற வாசனை. ஆயினும் பாட்டு கிராமத்துக் காதல் பாட்டு. மதுரை அதில் ஒரு மணமாக வந்து போகிறது. மணத்தை வைத்து இரண்டு நிமிஷம் பேசலாம். ஓங்கின கையை இறக்க முடியாது.

2007-இல் 'அழகிய தமிழ் மக'னுக்காக ஏ. ஆர். ரகுமான் போட்ட பாட்டு, மதுரைக்குப் போகாதே என்று ஒரு பெண்ணை எச்சரித்துத் தொடங்குகிறது. மெட்டு துள்ளுகிறது, கேட்டால் கால் சும்மா இருக்காது. ஆனால் மதுரைக்கு மல்லிகை, தஞ்சாவூருக்குத் தலையாட்டிப் பொம்மை, தூத்துக்குடிக்குக் கப்பல் என்று ஊருக்கு ஒரு சாமான் வைத்துக்கொண்டே போகிறார்கள். கடைக்காரர்கள் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் காலண்டர் போல மாதத்துக்கு ஓர் ஊர். என் சோதனையில் இது முதல் வரியிலேயே தோற்றுவிட்டது. பெயரை மாற்றிப் பார்க்கும் வேலையைப் பாட்டே செய்துவிடுகிறதே!

2008-இல் வந்த 'சுப்பிரமணியபுரம்' வேறு ஜாதி. 1980-ஆம் வருஷத்து மதுரையைச் சசிகுமார் எடுத்துக் காட்டினார். ஜேம்ஸ் வசந்தனின் இசையில் ஒரு திருவிழாப் பாட்டும், ரீதிகௌளையில் அமைந்த ஒரு காதல் பாட்டும் அதில் உண்டு. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அந்தப் படத்துக்கென்று செய்யாத ஒரு பாட்டு. 'கல்லுக்குள் ஈரம்' என்ற 1980-ஆம் வருஷத்துப் படத்தின் பாட்டு பின்னால் ஒலிக்க, ஒரு பையன் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அதுதான் நான் அறிந்த மதுரை. பாடுகிற ஊர் என்பதைவிட, பாட்டுக் கேட்கிற ஊர். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பூப்பு நீராட்டிலும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டு, அந்தப் பாட்டுக்குள்ளேயே காதலித்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்கிற ஊர். சிந்தாமணிக் கொட்டகையும் தங்கம் கொட்டகையும் இன்று இல்லை. அங்கே கேட்ட பாட்டுக்கள் மட்டும் எங்கள் தலைமுறையின் காதில் இருக்கின்றன.

இருந்தும் அந்தப் படத்தை என் மருமகளுக்குச் சிபாரிசு செய்ய முடியவில்லை. நட்பைக் காட்டிக் கொடுப்பதும் கொலை செய்வதுந்தான் அதன் கதை. பாட்டைப் போட்டவுடன் கேட்கிறவர்களுக்குப் படம் நினைவு வரும். படம் நினைவு வந்தால் கை உயரும்.

பிறகு 2011-இல் வந்த 'ஆடுகளம்'. வெற்றிமாறன் எடுத்தது. ஆறு தேசிய விருதுகள் வாங்கியது. சேவற்சண்டை நடத்தும் பேட்டைக்காரராக நடித்தவர் இலங்கைக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன், அவருக்குக் குரல் கொடுத்தவர் ராதாரவி. இப்படி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சேர்ந்து ஓர் அசல் மதுரையைச் செய்துவிட்டார்கள். ஏகாதசி எழுதி வேல்முருகன் பாடிய பாட்டு ஒன்று, ஒரு பெண் சொன்ன ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு லுங்கியோடு சந்து சந்தாக ஆடிக்கொண்டு போகிற பையனுடையது. அந்தச் சொல்லும் அவள் மனமறிந்து சொன்னது அல்ல. ஒரு நெருக்கடியில் தப்பித்துக்கொள்ளச் சொன்னது. பாவம், அவனுக்குத் தெரியாது.

இதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். காரணம், சொல் ஒன்று ஆளை மாற்றிவிடுவது மதுரைக்குப் பழைய கதை. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை விசாரிக்காமல் நம்பித்தான் பாண்டியன் கோவலனைக் கொன்றான். அது பொய் என்று தெரிந்த கணத்தில் தானும் உயிரை விட்டான். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற ஒரு பேச்சுக்காக நக்கீரர் நெற்றிக்கண்ணையே எதிர்த்து நின்றார் என்று புராணம் சொல்கிறது. விசாரிக்காத சொல்லால் அங்கே ஓர் அரசன் செத்தான். இங்கே ஒரு பையன் பிழைத்தான். இந்த ஒற்றுமையை எண்ணிப் பார்த்தபோது, கிடைத்துவிட்டது பாட்டு என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் தராசு என்று ஒன்றை வைத்துக்கொண்டால், பிடித்தவர்களுக்கு ஒரு நிறை, பிடிக்காதவர்களுக்கு ஒரு நிறை என்று நிறுக்கக் கூடாது. அந்தப் பையன் திண்டுக்கல்லில் ஆடலாம், தேனியிலும் ஆடலாம், சந்தோஷத்துக்கு ஜில்லா கிடையாது. பாண்டியனையும் நக்கீரரையும் அதற்குள் கொண்டுவந்து வைத்தவன் நான். பாட்டு அவர்களைக் கூப்பிடவில்லை. கதை எழுதுகிறவன் விமரிசனம் செய்ய வந்தால் நேர்கிற விபத்து இது. எதையும் எதோடும் முடிச்சுப் போட்டுவிடுவான்.

கடைசியில் மிஞ்சியது, நான் முதலிலேயே நினைத்து, கௌரவக் குறைவு என்று சொல்லாமல் வைத்திருந்த பாட்டு. 1999-இல் விஜயகாந்த் நடித்து வந்த 'கள்ளழகர்' படத்தில் தேவா இசையமைத்த, அழகர் வருகிறார் என்ற பாட்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் முன்னால் தேவாவின் பெயரைச் சொன்னால் ஒரு புன்சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நானும் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேளம் குரலை மிஞ்சுகிறது. நாசூக்கு என்று ஒன்றும் அதில் இல்லை. படத்தைப் பெரிய படைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சித்திரை மாதத்தில் மதுரைக்குள் கால் வைத்துப் பாருங்கள். மண்டகப்படிக்கு மண்டகப்படி, பந்தலுக்குப் பந்தல், ஆட்டோவுக்கு ஆட்டோ அந்தப் பாட்டுத்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் நகரசபை செய்த காரியத்தை இங்கே மைக்செட்காரர்கள் செய்தார்கள். எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் இருந்த பாத்தியதை போய், ஊர் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

பெயரை மாற்றிப் பாருங்கள், மாற்ற முடியாது. எந்த ஊரிலும் சுவாமி புறப்பாடு உண்டு. ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி மலையடியிலிருந்து வருகிற சுவாமிக்காக, ஒரு நகரமே ராத்திரி முழுவதும் தூங்காமல் ஆற்று மணலில் காத்துக் கிடப்பது இங்கேதான். ஆற்றில் இறங்குவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க என்று கோயில் சொல்லும். ஜனங்கள் சொல்லும் கதை வேறு. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு புறப்பட்ட அண்ணன், வழியில் தாமதித்து, ஆற்றங்கரைக்கு வரும்போது கல்யாணம் முடிந்துபோயிற்று. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலேயே வண்டியூருக்குத் திரும்பிவிட்டார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டு விழாக்களையும் ஒரே மாதத்தில் சேர்த்துவைத்தார் என்பார்கள். அரசர் தேதியை மாற்றினார். ஜனங்கள் அதற்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்தார்கள்.

இதுதான் எங்கள் ஊர். தெய்வத்தைக்கூடத் தாய்மாமனாக்கி, நேரத்துக்கு வரவில்லை என்று குறைப்பட்டு, அப்புறம் மறுபடியும் அவருக்காகவே விடிய விடியக் காத்திருக்கும். அந்தப் பாட்டின் பல்லவி இதைத்தான் பிடித்திருக்கிறது. வந்துவிட்டார் என்று அது சொல்லவில்லை; வந்துகொண்டே இருக்கிறார் என்கிறது. மேளம் குரலை மிஞ்சுவது எனக்கு இப்போது குறையாகத் தோன்றவில்லை. வைகைக்குள் நிற்கும்போது யார் குரல் யாருக்குக் கேட்கும்?

ஓர் ஆட்சேபணை பாக்கி இருக்கிறது. அது சிறியதும் அல்ல. அழகரைக் கும்பிடாதவர்களும் மதுரையில் இருக்கிறார்கள். ஆற்றுக்கு வடகரையில் கூப்பிடு தூரத்தில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. கீழவெளி வீதியில் பெரிய மாதா கோயில் இருக்கிறது. ஒரு சாமியின் பாட்டை எல்லாருடைய பாட்டு என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? இதைக் கோரிப்பாளையத்தில் இருக்கும் என் முஸ்லிம் நண்பர் ஒருவரிடமே கேட்டேன். கொரோனாவினால் 2020-இலும் 2021-இலும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை அல்லவா, அதைச் சொன்னார். "எனக்கு அது சாமிப் பாட்டு இல்லைண்ணே, சித்திரை மாசத்துச் சத்தம். அந்த ரெண்டு வருஷமும் ஜன்னலைத் திறந்தா ஒண்ணுமே கேக்கலை. ஊர் செத்துப்போச்சோன்னு பயமா இருந்துச்சு" என்றார். ஒருவர் சொன்னதைக் கொண்டு எல்லாருக்குமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. இந்தக் குறை அந்தப் பாட்டுக்கு இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும், எந்தப் பாட்டு நின்றுபோனால் ஊருக்கு மூச்சு நின்றுபோனதாகத் தோன்றுமோ அதுதான் ஊர்ப் பாட்டு என்ற இலக்கணத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்தான்.

இவ்வளவையும் சுருக்கி மருமகளுக்குச் சொன்னேன். "குத்துப் பாட்டா மாமா?" என்று இழுத்தாள். "குத்துப் பாட்டுத்தான். அண்ணன் தங்கச்சி கதையைச் சொல்லு, அப்புறம் போடு" என்றேன்.

விழா முடிந்த மறுநாள் கூப்பிட்டாள். "சொன்னேன் மாமா. சாமியே தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வர்ற ஊர் எங்க ஊர்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பாட்டு முடிஞ்சதும் ஒருத்தர் வந்து அவங்க அண்ணன் கதையைச் சொன்னார். இன்னொருத்தர் மாமா கதையைச் சொன்னார். யாரும் அருவா வீசலை."

"நீ யார் கதையைச் சொன்னே?" என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

"எங்க மாமாவும் என் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சப்புறந்தான் வந்தார்னு சொன்னேன்" என்றாள்.

வாஸ்தவம். ஒரு தொடர்கதையின் அந்த வாரத்து அத்தியாயத்தை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். தாலி கட்டும் நேரத்தில் தாய்மாமன் நான் பஸ்ஸில் இருந்தேன். அந்த அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்பது எனக்கே இன்றைக்கு நினைவில்லை. அழகருக்காவது கோபித்துக்கொண்டு திரும்பிப் போக வண்டியூர் இருந்தது. நான் எங்கே போவேன்? சீர்த்தட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.